கண்ணில் கோளாறா? பார்மசியோடு முடிவது எது, கண் வைத்தியரிடம் ஓட வேண்டியது எது

வெள்ளவத்தையில் ஒரு பார்மசியின் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் நான். "தம்பி, கண் சிவந்து போச்சு, ஏதாவது ட்ரொப்ஸ் தாங்கோ" என்று கேட்டு யாரும் வராத நாள் அபூர்வம். ட்ரொப்ஸை எடுத்துக் கொடுக்க நேரம் பிடிக்காது. யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று பிரிப்பதில்தான் வேலை இருக்கிறது. அந்தப் பிரிப்பைத்தான் அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். வைத்தியர் கண்ணைப் பார்ப்பதற்கு இது ஈடாகாது. வீட்டிலிருந்து எந்தப் பக்கம் கிளம்புவது என்று தீர்மானிக்க உதவும், அவ்வளவுதான்.

பயமுறுத்துகிற கண் ஒன்று, ஆபத்தான கண் வேறொன்று. செக்கச் சிவந்த கண்ணோடு பதறி வருகிறவருக்குப் பல தடவை ஒன்றுமே இருக்காது. "நோவெல்லாம் இல்லை தம்பி, ஒரு பக்கம் மட்டும் திரை போட்ட மாதிரி மறைக்குது" என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு நிற்பவரைத்தான் உடனே ஓட்டோவில் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று

வழக்கமாகப் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, மற்றக் கண்ணால் சுவரில் தொங்கும் கலண்டரைப் படியுங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தால், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

1. பார்வை வழக்கத்தைவிடத் திடீரென்று குறைந்திருக்கிறதா? பூளையால் மங்கினால் நாலு தடவை இமைத்ததும் தெளியும். அது கணக்கில்லை.
2. கண் நோகிறதா? மண் விழுந்தது போன்ற கரகரப்பைக் கேட்கவில்லை. கண்ணுக்குள்ளே, குண்டுக்குள்ளே நோவா?
3. வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் கூசுகிறதா?

ஒன்றுக்காவது "ஓம்" என்றால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள். கொன்டக்ட் லென்ஸ் போடுகிறவர், அண்மையில் கண்ணில் ஒப்பரேஷன் செய்தவர், கண்ணில் அடிபட்டவர் ஆகியோர் மூன்றுக்கும் "இல்லை" என்று சொன்னாலும், கண் சிவந்திருந்தால் இதே வரிசைதான்.

## கண் சிவந்திருக்கிறது

### வெள்ளை விழியில் இரத்தத் திட்டு, நோவு இல்லை, பார்வை சரி

பார்க்கத்தான் பயங்கரம். இருமல், தும்மல், பாரம் தூக்கியது, வாந்தி எடுத்தது, சில வேளை காரணமே இல்லாமல், மேற்பரப்பில் உள்ள சிறு இரத்தக் குழாய் ஒன்று கசிந்திருக்கும். ஒன்றிரண்டு கிழமையில் தானாகக் கரையும். எந்த ட்ரொப்ஸும் அதை விரைவுபடுத்தாது. செய்ய வேண்டியது ஒன்றே: இரத்த பிரஷரைப் பாருங்கள். வாஃபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்து குடிக்கிறவர், அதைக் கொடுத்த வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்திவிடக் கூடாது. திட்டு திரும்பத் திரும்ப வந்தாலும், அடிபட்ட பிறகு வந்தாலும் கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

### கடி (அரிப்பு), இரண்டு கண்ணிலும், தண்ணீராக வடிகிறது

கடிதான் முதன்மை என்றால் அலர்ஜி என்று பெரும்பாலும் நம்பலாம். தூசி, பூனை, புதிதாகப் பூசிய மை, சாம்பிராணிப் புகை, எதுவாகவும் இருக்கலாம். தேய்க்காதீர்கள். குளிர்ந்த துணியை மூடிய கண்ணில் வையுங்கள், வெளியில் போய்வந்தால் முகம் கழுவுங்கள். அடங்காவிட்டால் அலர்ஜிக்கான ட்ரொப்ஸ் பார்மசியில் உண்டு. மூன்று, நாலு நாளில் குறையாவிட்டால் டொக்டர். கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளையைக் கண் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். வருடக்கணக்கான கசக்கலுக்கும் கருவிழி கூம்பாகப் பிதுங்குவதற்கும் தொடர்பு உண்டு.

### ஒரு கண்ணில் தொடங்கி மற்றதுக்கும் வந்தது, கண்ணீர் வடிகிறது

இது கண்நோய். 2023 கடைசியில் கொழும்புப் பாடசாலைகளில் பரவியது ஞாபகமிருக்கும். பெரும்பாலும் வைரஸ் வேலை. அதற்கு அன்டிபயோட்டிக் ட்ரொப்ஸ் உதவாது. ஒன்றிரண்டு கிழமையில் தானாகப் போகும். குளிர்ந்த ஒத்தடம், செயற்கைக் கண்ணீர், சோப் போட்டுக் கை கழுவுவது, துவாயையும் தலையணை உறையையும் பிரித்து வைப்பது போதும். கண்நோய்க்காரரைப் பார்த்தாலே தொற்றும் என்பது வெறும் பேச்சு. கையாலும் துவாயாலும்தான் தொற்றும். ஒரே ட்ரொப்ஸ் போத்தலை வீடு முழுக்க விட்டால் மருந்தோடு நோயும் போய்ச் சேரும்.

காலையில் இமை ஒட்டிக்கொண்டு, நாள் முழுக்க மஞ்சள் பச்சையாகப் பூளை தள்ளினால் பக்டீரியாவாக இருக்கலாம். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரு தடவை துடைத்து எறியுங்கள். அடுத்த துடைப்புக்குப் புதுப் பஞ்சு. அன்டிபயோட்டிக் தேவையா என்பதை டொக்டர் சொல்லட்டும். குளோரம்பெனிகோல் ட்ரொப்ஸ் எழுதித் தந்தால் அதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். துடைத்த சில நிமிடத்திலேயே பூளை திரும்ப நிறைந்தால் காத்திருக்க வேண்டாம்.

பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் கண் சிவந்து பூளை தள்ளினால் இந்தப் பந்தி எதுவும் பொருந்தாது, அன்றைக்கே வைத்தியசாலை. முலைப்பால் விடச் சொல்லும் அம்மம்மாக்களோடு நான் வாதாடுவதில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள் என்று தாயிடம் மட்டும் சொல்வேன்.

### லென்ஸ் போடுகிறவருக்குச் சிவப்பு

லென்ஸைக் கழற்றுங்கள். எறிய வேண்டாம். பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனால் கிருமியைச் சோதிக்க உதவும். லென்ஸோடு தூங்கியவர், குழாய்த் தண்ணீரில் லென்ஸ் கழுவியவர், லென்ஸோடு நீந்தியவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவிழியில் புண் வந்தால் ஓரிரு நாளில் அழியாத தழும்பாகிவிடக்கூடும்.

### கடும் நோவு, தலையிடி, வாந்தி, பல்பைச் சுற்றி வானவில் வளையம்

கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம், குளுக்கோமாவின் அவசர வகை. வாந்தி வருவதால் கஸ்ட்ரிக் என்றும், தலை வலிப்பதால் மைகிரேன் என்றும் எடுத்துக்கொண்டு பனடோல் கேட்டு வருவார்கள். கண் சிவந்து பார்வையும் புகைந்திருந்தால் பனடோலோடு அனுப்புகிற விஷயம் இல்லை. சில மணித்தியாலத்துக்குள்ளேயே பார்வை போகலாம்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கிக் கொப்புளம் இருந்து, அந்தப் பக்கத்துக் கண்ணும் சிவந்தால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

### "போன முறை தந்த அந்த வெள்ளை மருந்து"

இதைச் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். குலுக்கினால் பால் மாதிரி வெள்ளையாக வரும் ட்ரொப்ஸ் சில உண்டு. விட்ட மறுநாளே சிவப்பு மறையும், ஆகவே மக்களுக்கு அதில் பெரிய விருப்பம். அவற்றில் பல ஸ்டீரொயிட். நிறமில்லாத ட்ரொப்ஸிலும் அன்டிபயோட்டிக்கோடு சேர்த்து வரும். லேபிளில் பிரட்னிசோலோன், டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், ஃபுளோரோமெதலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அதுதான். கண் வைத்தியர் பார்த்து, நாள் குறித்துக் கொடுத்தால் அருமையான மருந்து. தானாக வாங்கி விட்டால், வைரஸ் புண் உள்ள கருவிழியில் புண் பெருக்கும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும், கண்புரை விழும். சிவப்பு போனது கண் குணமானதற்குச் சாட்சி ஆகாது. சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றதும் "பக்கத்துக் கடையில தருவாங்கள்" என்று முறைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. போகட்டும்.

## கண்ணில் ஏதோ விழுந்தது

### தூசி, பூச்சி, இமை முடி

காலி வீதியில் கண்ணாடியில்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு இது அன்றாடம். தேய்க்காதீர்கள். கை கழுவிவிட்டு, போத்தல் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ மெல்ல ஓடவிட்டுக் கண்ணைத் திறந்து மூடுங்கள். போகவில்லையா, மேல் இமையின் முடியைப் பிடித்துக் கீழ் இமைக்கு மேலாக இழுத்து விடுங்கள். கீழ் இமைக்குள் தெரிந்தால் நனைத்த சுத்தமான துணி முனையால் ஒற்றி எடுக்கலாம். கருவிழி மேல் இருப்பதை மட்டும் தொடவே கூடாது. வெளியே வந்த பிறகும் சில மணி நேரம் உறுத்தும், சிறு கீறல் இருக்கும். மறுநாளும் உறுத்தினால் வைத்தியர்.

### இரும்புத் துகள்

பஞ்சிகாவத்தை, ஆமர் வீதிப் பக்கம் கிரைண்டரில் நிற்கும் பெடியன்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கூட வேலை செய்கிறவர் நெருப்புக் குச்சியாலோ ஊசியாலோ எடுத்துவிடுவார். துகள் போகும், துருவின் வளையம் கருவிழியில் தங்கும், கிருமியும் ஏறும். கண் வைத்தியர் மரக்கச் செய்து நுணுக்குக்காட்டியில் பார்த்து எடுப்பது சில நிமிட வேலை. அந்த மரக்கும் ட்ரொப்ஸை வீட்டுக்குக் கேட்காதீர்கள். நோவு தெரியாமல் போனால் புண் ஆறாமல் கருவிழியே அரிக்கப்படும்.

இதைவிட மோசமானது, உளியில் சுத்தியலால் அடிக்கும்போது பறக்கும் துகள். வேகத்தில் கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடும், நோவு கொஞ்சமாகத்தான் இருக்கும். கண்ணின் கறுப்பு மணி வட்டம் கெட்டுத் துளி வடிவில் இழுபட்டிருந்தாலும், கண்ணிலிருந்து பசை போல ஏதாவது வந்தாலும், எதுவும் குத்தி நின்றாலும் கழுவ வேண்டாம், பிடுங்க வேண்டாம், பஞ்சு வைத்து அழுத்தவும் வேண்டாம். கடதாசிக் கோப்பை ஒன்றைக் கண்ணில் படாமல் கவிழ்த்து ஒட்டி, நேரே கண் வைத்தியசாலைக்குப் போங்கள். ஒப்பரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் தேத்தண்ணீர் கூட வேண்டாம்.

வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுச்சாமத்தில், மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி இருக்கும். ஒன்றிரண்டு நாளில் ஆறும். ஆனாலும் நோவும் கூச்சமும் இருப்பதால் ஒரு தடவை காட்டிவிடுவதே நல்லது.

## ஏதோ தெறித்தது

இங்கே யோசிக்க நேரமில்லை. கழிவறை கழுவும் திரவம், பிளீச், சீமெந்து, வெற்றிலைச் சுண்ணாம்பு, பெயின்ட் தின்னர், எருக்கலம்பால், கள்ளிப்பால் எதுவானாலும் அந்த நிமிடமே குழாய்க்குக் கீழே கண்ணை வையுங்கள். லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். இமையை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம், சுண்ணாம்பு, சீமெந்து போன்ற காரம் என்றால் 30 நிமிடம் தண்ணீர் ஓட வேண்டும். மற்றக் கண்ணுக்குள் ஓடாதபடி தலையைச் சரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வைத்தியசாலை. அங்கே போய்க் கழுவலாம் என்று டிராபிக்கில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் கண் வெந்துபோகும். சுண்ணாம்பு, சீமெந்துத் துகள் இமைக்குள் ஒளிந்திருந்து அரித்துக்கொண்டே இருக்கும், கழுவிய பிறகு சரியாகிவிட்டதென்று வீட்டில் தங்காதீர்கள்.

சூப்பர் குளூ குப்பியை ட்ரொப்ஸ் என்று எடுத்து விட்டவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே லாச்சியில் வைக்காதீர்கள். ஒட்டிய இமையை இழுத்துப் பிரிக்க வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரால் நனைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மிளகாய்த்தூள் கையால் கண்ணைத் தொட்டதற்கு நன்றாகக் கழுவினாலே போதும், கொஞ்ச நேரத்தில் அடங்கும்.

## இமையில் கட்டி, வீக்கம்

விளிம்பில் சிவந்து நோகும் கட்டி கண்கட்டி. சுத்தமான துணியை வெந்நீரில் பிழிந்து, கை பொறுக்கும் சூட்டில் 5 முதல் 10 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று, நாலு தடவை வையுங்கள். உடைக்காதீர்கள். மோதிரத்தை உள்ளங்கையில் தேய்த்து வைப்பதிலும் சூடுதான் கொஞ்சம் வேலை செய்கிறது. மற்றது ஊசிக் கதை, கட்டியை ஊசியால் குத்துவது, அதைச் செய்யவே கூடாது. நோவில்லாத உருண்டையாக மிஞ்சினால் அதற்கும் ஒத்தடம்தான். ஒரு மாதம் தாண்டியும் நின்றால் கண் வைத்தியர் மரக்கச் செய்து கீறி எடுப்பார்.

அடிக்கடி கட்டி வந்தால் சீனியைச் சோதியுங்கள். வயதானவருக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது அந்த இடத்தில் இமை முடி கொட்டியிருந்தால், அதைக் கட்டி என்று விட்டுவிடாமல் காட்டுங்கள்.

முழு இமையும் வீங்கி, காய்ச்சல் அடித்து, கண்ணை அசைக்க நோகிறது, கண் வெளியே தள்ளுகிறது என்றால் அது வேறு. குழந்தைகளில் இது சைனஸிலிருந்து பரவும். இரவானாலும் வைத்தியசாலை.

## எரிகிறது, காய்கிறது, பின்னேரம் களைக்கிறது

கோட்டைப் பக்கம் ஏசி ஒஃபிஸில் நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவர்களின் கண் இது. திரையைப் பார்க்கும்போது இமைப்பதே குறைந்துவிடுகிறது. செலவில்லாதவை முதலில்: ஏசி, ஃபேன் காற்று முகத்தில் நேரே அடிக்காதபடி கதிரையை நகர்த்துங்கள். திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பாருங்கள், அப்போது நன்றாக இமையுங்கள். அடுத்தது செயற்கைக் கண்ணீர். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் இல்லாததைக் கேளுங்கள். சிவப்பை வெளுக்கும் ட்ரொப்ஸை இதற்கு விட வேண்டாம், நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கும்.

கண்ணீர் ஊற்றுகிறதே, அதெப்படிக் காய்ந்த கண் என்று கேட்பார்கள். காய்ந்து எரியும்போதுதான் கண் அப்படிக் கொட்டும்.

தடிமலுக்குக் குடிக்கும் சில குளிசைகளும் கண்ணைக் காய வைக்கும். ஒரு மாதம் இப்படிச் செய்தும் குறையவில்லை, வாயும் காய்கிறது, மூட்டும் நோகிறது என்றால் வைத்தியர்.

இமை துடிப்பது களைப்பு, நித்திரையின்மை, அதிகக் கோப்பி. இடக்கண்ணா வலக்கண்ணா, நல்லதா கெட்டதா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கிழமைக்கணக்கில் நின்றால், கண் இறுக மூடிக்கொண்டால், முகமும் சேர்ந்து இழுத்தால் காட்டுங்கள்.

## பார்வை மெல்ல மெல்ல மங்குகிறது

முதலில் கண்ணாடியைக் கழுவுங்கள். சிரிக்காதீர்கள், எண்ணெயும் கீறலும் ஏறிய கண்ணாடியோடு வருகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, கடதாசி மட்டையில் பேனா முனையால் ஒரு சிறு ஓட்டை போட்டு, அதன் வழியே ஒரு கண்ணால் பாருங்கள். எழுத்து தெளிந்தால் கோளாறு பெரும்பாலும் பவரில். கண்ணாடிக் கடையில் சோதித்தால் தீரும். 40 தாண்டியதும் பேப்பரைக் கை நீட்டிப் பிடிப்பது எல்லாருக்கும் வருவது. ஓட்டை வழியாகவும் தெளியாவிட்டால் கண்ணாடிக் கடையில் பணத்தைப் போடாமல் கண் வைத்தியருக்கு நம்பர் எடுத்துச் சனல் பண்ணுங்கள்.

சீனி உள்ளவர்கள் கவனிக்க: சீனி ஏறி இறங்கும் நாட்களில் பவரும் மாறும். அப்போது செய்த கண்ணாடி, சீனி அடங்கியதும் பொருந்தாது. அதை அடக்கிவிட்டுச் செய்யுங்கள். பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒரு தடவை மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். அங்கே கசிவு தொடங்கி நெடுநாள் கழித்தே பார்வையில் தெரியும்.

வெளிச்சம் சிதறுகிறது, எதிரே வரும் பஸ்ஸின் லைட் கண்ணைக் குத்துகிறது, நிறம் மங்கிப்போனது என்றால் கண்புரையாக இருக்கலாம். ட்ரொப்ஸால் கரையாது. கரைக்கும் என்று விற்பதை வாங்காதீர்கள். ஒப்பரேஷன்தான் வழி. அரச வைத்தியசாலையில் இலவசம், ஆனால் வரிசை உண்டு. வேலையையும் நடமாட்டத்தையும் தடுக்கத் தொடங்கினால் போகலாம், "முற்றட்டும்" என்ற பழைய பேச்சை விடுங்கள்.

ஜன்னல் கம்பியை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பாருங்கள். நேர்க்கம்பி நெளிந்து தெரிந்தால், நடுவில் ஒரு துண்டு காணாவிட்டால் விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு. மெல்ல வந்த அறிகுறி ஆனாலும் இதற்கு நாளைக் கடத்தக் கூடாது.

குளுக்கோமாவின் வழமையான வகை எதையும் காட்டாது. வீட்டில் யாருக்கும் இருந்தால், கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதுக்கு முன்னரே கண் அழுத்தத்தைச் சோதிக்கத் தொடங்குங்கள்.

## திடீரென்று

### மின்னல், கரும்புள்ளி, திரை

வெளிச்சமான சுவரைப் பார்க்கும்போது மிதக்கும் பழைய பூச்சிகள் பரவாயில்லை. திடீரென்று புகைக்கரி தூவியது போல நிறையப் புள்ளி, கண்ணின் ஓரத்தில் மின்னல், ஒரு பக்கத்திலிருந்து திரை என்றால் விழித்திரை கிழிந்தோ கழன்றோ இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். நோவே இருக்காது. கிழிந்ததோடு பிடித்தால் லேசரில் ஒட்டலாம், கழன்றால் பெரிய ஒப்பரேஷன். கிட்டப்பார்வை அதிகமுள்ளவர், கண்புரை ஒப்பரேஷன் செய்தவர், கண்ணில் பந்து பட்டவர் இன்னும் கவனம்.

### ஒரு கண் இருண்டது

ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாலும் வைத்தியசாலைதான். விழித்திரைக்கு இரத்தம் நின்றிருக்கலாம், பாரிசவாதத்தின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

### இரட்டையாகத் தெரிகிறது

ஒரு கண்ணை மூடியும் இரட்டையாகத் தெரிந்தால் பவரோ கண்புரையோ, ஆறுதலாகக் காட்டலாம். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிடுகிறது, அதுவும் புதிதாக வந்தது என்றால் அன்றைக்கே. கூடவே இமை தொங்குகிறது, தலை வெடிக்கிறது, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது இலவசம். இதற்குக் கண் வைத்தியசாலை அல்ல, முதலில் பெரியாஸ்பத்திரிக்குத்தான் (கொழும்பு தேசிய வைத்தியசாலை) போக வேண்டும்.

## பிள்ளைகள்

பிள்ளை மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லாது, அதற்கு உலகமே அப்படித்தான். டிவிக்கு முன்னால் போய் நிற்பது, தலையைச் சரித்துப் பார்ப்பது, ஒரு கண்ணை மூடினால் மட்டும் அழுவது, இவைதான் அடையாளம். நாலு மாதத்துக்குப் பிறகும் மாறுகண் இருந்தால் "அதிர்ஷ்டக் கண்" என்று விடாதீர்கள். பார்வை வளராமல் பின்தங்கிய "சோம்பிய கண்ணை"த் திருத்த 7, 8 வயதுக்குள்தான் நல்ல வாய்ப்பு. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்ணின் மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், படத்தோடு அந்தக் கிழமைக்குள் கண் வைத்தியர். பல தடவை அது ஒன்றுமில்லாமல் போகும், சில தடவை கண்ணுக்குள் புற்று.

## போகும்போது

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவரும் கண் வைத்திய நிபுணரும் வேறு வேறு ஆட்கள். சிவப்பு, நோவு, திடீர் மங்கல் மூன்றுக்கும் நிபுணர்தான். சனலிங் நம்பர் அடுத்த கிழமைக்குத்தான் கிடைக்கிறது, அல்லது போயா நாள் என்றால், மேலே "அன்றைக்கே" என்று சொன்ன எதற்கும் லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள். பணம் கட்டத் தேவையில்லை, காத்திருக்க வேண்டிவரும். வத்தளை, தெகிவளைப் பக்கமிருந்து வருகிறவர்கள் காலை டிராபிக்கைக் கணக்கில் எடுத்துக் கிளம்புங்கள்.

வீட்டில் விட்ட எல்லா ட்ரொப்ஸையும், பழைய கண்ணாடியையும், குடிக்கும் குளிசைகளின் பெயரையும் கொண்டுபோங்கள். மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் உள்ளது தெரியாது, வெளிச்சம் கூசும். வாகனம் ஓடாதீர்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். திரும்பி வந்ததும் புது ட்ரொப்ஸ் போத்தலில் திறந்த திகதியை எழுதி ஒட்டுங்கள். லேபிளில் வேறு கணக்கு இல்லாவிட்டால் நாலு கிழமையில் அது குப்பைக்கு, பாதி மிஞ்சியிருந்தாலும்.